‘இந்தியன்’ என்று எழுதிய தோல்பை

1991 ஏப்ரல் 22, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வெளியே தூறல். குடையை விரிக்கவும் மனம் வராது, மடக்கவும் மனம் வராது, அப்படி ஒரு தூறல். அந்த நேரத்தில்தான் எங்கள் களஞ்சியத்தின் ஆறாவது அடுக்கில், இரண்டு வாள்களுக்கும் மூடி உடைந்த ஒரு வெற்றிலைப் பெட்டிக்கும் நடுவில், நான் நான்கு கிழமையாகத் தேடிக்கொண்டிருந்த தோல்பையைக் கண்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் பொருட்களுக்கெல்லாம் பார்கோடு என்னும் கோட்டுக்குறி ஒட்டியாகிவிட்டதாம். ஒரு பொருள் கைமாறும்போது யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கருவி ‘பீப்’ என்று சொல்லிவிடும். அங்கே இப்போது வேலை செய்யும் இரண்டு பேர் போன மாதம் என்னை அழைத்து, “அந்தக் காலத்தில் ஏன் ஒவ்வொரு முறையும் வாயால் சொன்னீர்கள்?” என்று கேட்டார்கள். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விடயமில்லை என்றேன்.

கிழக்கு லண்டனில், பழைய படைப்பயிற்சி மண்டபம் ஒன்றில் இருந்த சிறிய படைவரலாற்றுச் சேகரிப்பு அது. 1983இல் களஞ்சிய உதவியாளனாகச் சேர்ந்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் வரலாறு படிப்பித்தவன். அமெரிக்கப் புரட்சியை ஏழு பக்கத்தில் முடித்துவிடுவேன். அந்த ஏழு பக்கத்தில் தேயிலை இருந்தது, வரி இருந்தது, ஜோர்ஜ் மன்னர் இருந்தார். இங்கே நான் எழுதப்போகும் மக்கள் இல்லை.

பயிற்சி மூன்று கிழமை. களஞ்சியத்துக்குள் பேனை கூடாது, பென்சில் மட்டும். மோதிரம், மணிக்கூடு கழற்ற வேண்டும். எந்தப் பொருளையும் கைபிடியில் தூக்கக் கூடாது, அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்க வேண்டும். பொருளோடு பின்பக்கமாக நடக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, கொடுப்பவர் “பிடித்தாயிற்றா?” என்று கேட்க வேண்டும். வாங்குபவர் “பிடித்தாயிற்று” என்று சொல்லும் வரைக்கும் விடக் கூடாது. தலையாட்டினால் போதாது. சொன்ன பிறகு ஒரு நொடிகூடப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இந்த விதிகளை எங்களுக்குள் ஊறவைத்தவர் பொறுப்பாளர் கப்டன் பெல்லிங். படையிலிருந்து ஓய்வுபெற்ற நெடிய மனிதர். கோபம் வந்தால் பென்சில் சீவுவார். குரல் உயராது, கூர் உயரும். மேசையில் எப்போதும் ஒன்பது பென்சில்கள் வரிசையாக இருக்கும். எட்டு என்றால் யாரோ ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். எங்களுக்குள் இருந்த நட்பு அந்த அளவுதான். அது போதுமானதாக இருந்தது.

களஞ்சியத்தில் என்னோடு தியாகு. லண்டனின் கிழக்கு ஓரத்தில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்து வருவான், என்னைவிடப் பதினாறு வயது இளையவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நாங்கள் இருவர் மட்டும் நிற்கும்போது விதியைத் தமிழில் கடைப்பிடிப்போம். “பிடிச்சாச்சோ?” “பிடிச்சாச்சு அண்ணை.” வீட்டில் தேத்தண்ணிக் கோப்பை வாங்கும்போதும் எனக்கு அது வாயில் வந்துவிடும். மனைவி பரமேஸ், “கோப்பையை விடட்டோ, இல்லாட்டி கப்டனுக்குப் போன் பண்ணிக் கேக்கட்டோ?” என்பாள்.

அந்த இடத்தில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. எல்லோருக்கும் நான் இந்தியன். வாசல் காவலாளிக்கு இந்தியன், தேநீர் அம்மாவுக்கு இந்தியன், அறங்காவலர் சபைத் தலைவருக்கு “நமது இந்திய நண்பர்”. ஒவ்வொரு முறையும் நான் திருத்துவேன். இந்தியா மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிழை பிழைதான். ஒரு வருடம் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு முறை திருத்தியிருந்தேன். தியாகுவுக்கு இது பெரிய பகிடி.

“அண்ணை, உங்களை இந்தியன் எண்டால் ஏன் வேப்பெண்ணை குடிச்ச மாதிரி முகம் போகுது?”

“நான் இந்தியன் இல்லை, அதுதான்.”

“விடுங்கோ அண்ணை. என்னை ஒருத்தன் கிரேக்கனோ எண்டு கேட்டவன். ஓம் எண்டு சொன்னன். ஒலிவ் பழம் தந்தவன்.”

1991 மார்ச் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் இருந்து மிஸிஸ் எடித் என்ற பெண் எழுதியிருந்தார். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மொஹிக்கன் இனத்தவர், செவ்விந்தியர் என்று தமிழில் சொல்வோமே, அவர்களில் ஒரு மக்கள். 1778 ஆகஸ்ட் 31ஆம் திகதி, நியூயோர்க் நகரத்துக்கு வடக்கே கிங்ஸ்பிரிட்ஜ் பக்கம் நடந்த ஒரு மோதலில் அவருடைய முன்னோர் பலர் இறந்தார்கள். அந்த இடத்தில் ஒருவரிடமிருந்து எடுத்த தோல்பையைப் பிரித்தானிய அதிகாரி ஒருவர் ஊருக்குக் கொண்டுவந்ததாகவும், அவர் குடும்பம் அதை எங்கள் சேகரிப்புக்குக் கொடுத்துவிட்டதாகவும் அக்குடும்பத்தின் வாரிசு சொல்லியிருக்கிறார். மே 7ஆம் திகதி லண்டனுக்கு வருகிறாராம். அதைப் பார்க்க வேண்டும், முடிந்தால் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்களிடம் அந்த நாளிலிருந்து மிஞ்சிய பொருள் ஒன்றுமே இல்லை.

கப்டனுக்கு அந்த மோதல் தெரிந்திருந்தது. அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். இந்த மக்கள் மசாச்சுசெட்ஸில் வாழ்ந்தவர்கள். புரட்சியில் வாஷிங்டனின் பக்கம் சேர்ந்து, மன்னருக்கு எதிராகப் போராடியவர்கள். கிங்ஸ்பிரிட்ஜில் குதிரைப்படை அவர்களைத் திறந்த வயலில் வளைத்துக்கொண்டது. தலைவரும் அவருடைய மகனும் ஒரே நாளில் செத்தார்கள். அவர்கள் நின்ற பக்கம் போரில் வென்றது. நாடு பிறந்தது. வென்றவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய சொந்த ஊர் நிலம் மற்றவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மேற்கே, இன்னும் மேற்கே என்று தள்ளப்பட்டு விஸ்கொன்சின் வரை போனார்கள்.

“எத்தனை பேர் இறந்தார்கள்?” என்று கேட்டேன்.

“புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபடுகிறது” என்றார் கப்டன்.

எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் களஞ்சியத்தில் சட்டைப் பொத்தான்களுக்குக்கூடச் சரியான தொகை இருந்தது.

அமெரிக்க அடுக்குகள் மூன்று. மூன்றையும் இரண்டு முறை பார்த்தோம். பை இல்லை. கனடா அடுக்கிலும் இல்லை. இதற்கிடையில் கூரை ஒழுகியது. அதைத் திருத்தப் பணம் வேண்டுமென்று, சேகரிப்போடு தொடர்பு குறைந்த இந்தியப் பொருட்களை ஏலத்துக்கு அனுப்ப அறங்காவலர் சபை தீர்மானித்துக் கையெழுத்தும் போட்டிருந்தது. அறுபத்திரண்டு பொருட்கள். வான் மே 3ஆம் திகதி வரும். பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை. குடிசனக் கணக்கெடுப்பு நாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் பரமேஸ் எங்கள் படிவத்தை நிரப்பி முடித்துவிட்டாள்.

“இதென்ன, இந்தியன் எண்டு போட்டிருக்கிறீர்?”

“இலங்கை எண்டு பெட்டி இல்லை. கிட்ட இருந்ததுக்குப் போட்டன்.”

“‘வேறு இனம்’ எண்டு கீழை இருக்கே! அதிலை விளக்கமா எழுதலாமே!”

“அந்த இடம் சின்னன். உங்கடை விளக்கம் கொள்ளாது.”

“இது அரசாங்கக் கணக்கு பரமேஸ். பிழையான பெட்டிக்குள்ளை போட்டால்...”

“போட்டால் என்ன? அவங்களுக்கு எல்லாம் ஒண்டுதான். இந்தியன் எண்டு ஒரு பெட்டி வைச்சிருக்கிறாங்கள். தங்களுக்குத் தெரியாத ஆக்கள் எல்லாரையும் அதுக்குள்ளை போடுறாங்கள். நாளைக்கு உங்களைத் தேடினாலும் அதுக்குள்ளைதான் தேடுவாங்கள். சாப்பிட வாங்கோ.”

நான் சாப்பிடப் போகவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். தமிழில் நாங்கள் இந்தியர், செவ்விந்தியர் என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல். எட்டு வருடமாக அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியவன் நான். ஆனால் அதே சொல் ஒரு பொருளை எந்த அடுக்குக்குக் கொண்டுபோகும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அந்தத் தூறலில் ஓட்டமும் நடையுமாகப் போய் இந்திய அடுக்குகளைத் திறந்தேன். ஆறாவது அடுக்கில் இருந்தது. ஒரு சாண் அகலமான மான்தோல் பை, கறுத்துப் போயிருந்தது. முன்பக்கத்தில் சிவப்பும் மங்கிய மஞ்சளுமாக மெல்லிய வேலைப்பாடு. கட்டியிருந்த பழைய அட்டைத் துண்டில் இரண்டே குறிப்பு: ‘இந்தியன்’, ‘கே. பிரிட்ஜ்’. எங்கள் பதிவில் யாரோ முன்னவர் அந்த ‘கே’யைப் பூனாவுக்குப் பக்கத்திலுள்ள கிர்க்கி என்று எடுத்துக்கொண்டிருந்தார். அங்கேயும் பிரித்தானியர் சண்டை பிடித்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏலப் பட்டியலில் அது நாற்பத்தொன்றாம் இலக்கம்: ‘இந்தியத் தோல்பை, கிர்க்கி’.

“பிடிச்சாச்சோ?” என்று கேட்டுத் தியாகுவின் கையில் வைத்தேன். நான் உடனே விடாததால் அவன் இரண்டு முறை “பிடிச்சாச்சு” என்றான்.

கப்டன் உருப்பெருக்கியால் நீண்ட நேரம் பார்த்தார். “முள்ளம்பன்றி முள்” என்றார். “தட்டையாக்கிச் சாயம் போட்டு மடித்துத் தைத்திருக்கிறார்கள். இது கிர்க்கி இல்லை. கிங்ஸ்பிரிட்ஜ்.” உடனே சபைத் தலைவருக்குக் குறிப்பு எழுதினார். நாற்பத்தொன்றை விலக்க வேண்டும், அல்லது பட்டியலையாவது திருத்த வேண்டும். நான்காம் நாள் பதில் வந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது, பட்டியல் அச்சாகிவிட்டது, சபை இனி ஜூனில்தான் கூடும், ஒரு பைக்காக ஏலத்தைக் குழப்ப முடியாது.

கப்டன் அன்றைக்கு ஒன்பது பென்சில்களையும் சீவினார்.

மே 3ஆம் திகதி வான் வந்தது. மே 7ஆம் திகதி மிஸிஸ் எடித் வந்தார். நரைத்த ஒற்றைப் பின்னல், ஆண்கள் போடும் மாதிரிப் பெரிய சப்பாத்து. பை நான்கு நாளுக்கு முன் போய்விட்டதென்று நான்தான் சொன்னேன். எந்தப் பெயரில் போனது என்பதையும் சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். சிரித்தார்.

“ஒரு மாலுமி வழி தவறினதால் உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே பெயர்” என்றார். “உங்களை என்னவென்று கூப்பிடுவார்கள்?”

“இந்தியன் என்று. நான் இல்லை.”

“நானும் இல்லை.”

பிறகு கேட்டார்: “திருத்தியிருந்தால் விலை என்ன வரும்?”

கப்டன்தான் பதில் சொன்னார். கிங்ஸ்பிரிட்ஜ் என்று தெரிந்தால் பெரிய சேகரிப்பாளர்கள் வருவார்கள், ஆயிரக்கணக்கில் போகும். கிர்க்கி என்று இருந்தால் நூறு, நூற்றைம்பது. மிஸிஸ் எடித்தின் கையில் இருந்தது நூற்றெண்பது பவுண்.

பிழையைத் திருத்தச் சொல்லி நாங்கள் எழுதியாகிவிட்டது. மாட்டேன் என்று சொன்னது சபை. இப்போது அந்தப் பிழை அப்படியே இருந்தால்தான் பை அவர் கைக்குப் போகும்.

“ஊழியர்கள் ஏலம் கேட்கக் கூடாது” என்றார் கப்டன், என்னைப் பார்க்காமல். “கூடப் போவதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.”

மே 15, புதன்கிழமை. அரை நாள் லீவு எடுத்தேன். புறப்படும்போது தியாகு, “அண்ணை, அங்கை எங்கடை வழக்கத்துக்குத் தலையை ஆட்டிப்போடாதேங்கோ. வாளொண்டு வாங்கிப்போடுவியள்” என்றான். அது உண்மையான பயம்தான். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு போனேன்.

ஏலத்துக்கு முன் பொருட்களைப் பார்வையிட விட்டார்கள். சந்தன நிறக் கோட் போட்ட வியாபாரி ஒருவர் நாற்பத்தொன்றைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முள் வேலைப்பாட்டின் மேல் நகத்தை ஓட்டினார். ஓட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டினார். அவருக்கு ஏதோ இடித்தது. என்னை எங்கள் காட்சிக்கூடத்தில் பார்த்திருக்கிறார் போலும், நேரே வந்தார்.

“நீங்கள் அங்கே வேலை செய்பவர்தானே? இது இந்தியன்தானா?”

எட்டு வருடம். வருடத்துக்கு நாற்பத்தாறு முறை என்று வைத்தாலும் முந்நூற்று அறுபத்தெட்டுத் திருத்தங்கள். அத்தனையும் தொண்டைவரை வந்து நின்றன. மிஸிஸ் எடித் என் பக்கத்தில் நின்றார். அவர் பையைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம், இந்தியன்” என்றேன்.

“கிர்க்கி?”

“பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது.”

அவர் மிஸிஸ் எடித்தைப் பார்த்தார். “இந்த அம்மாவும் உங்கள் நாடா?”

“இல்லை. இவர் அமெரிக்கர்.”

அவர் பையை மேசையில் போட்டுவிட்டு வாள்களின் பக்கம் போனார். மிஸிஸ் எடித் மெதுவாகச் சொன்னார்: “என்னை ஒருவர் கேள்வி கேட்காமல் அமெரிக்கர் என்று நம்பியது இதுதான் முதல் தடவை.”

ஏலம் அறுபதில் தொடங்கியது. வியாபாரி நூற்றிருபது வரை வந்து கையை இறக்கினார். சுவரில் மாட்டுவதற்குத் தேடிய ஒரு இளம் தம்பதி விடவில்லை. நூற்றைம்பது, நூற்றறுபது, நூற்றெழுபது. கூலியும் வரியும் சேர்த்தால் மிஸிஸ் எடித்தின் காசு அங்கேயே முடிந்துவிட்டது. தம்பதி நூற்றெண்பது என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை. “கேளுங்கள், மிச்சம் பிறகு பார்ப்போம்” என்று மட்டும் சொன்னேன். அவர் நூற்றுத் தொண்ணூறு என்றார். சுத்தியல் விழுந்தது.

கூலி பத்தொன்பது பவுண், அதற்கு வரி, எல்லாமாக 212 பவுண் 33 பென்ஸ். 32 பவுண் 33 பென்ஸ் நான் கொடுத்தேன். அடுத்த மாதமே பென்ஸ் குறையாமல் அனுப்பிவிட்டார், ஆகவே அது கணக்கில் இல்லை.

கவுண்டரில் நின்ற பெடியன் பையை ஒரு கையால், அதுவும் வாரில் பிடித்து, நீட்டினான். பதறிப்போய் இரண்டு கையாலும் அடியில் தாங்கி வாங்கினேன். திரும்பி மிஸிஸ் எடித்தின் கையில் வைத்தேன். பழக்கம் விடவில்லை.

“பிடித்தாயிற்றா?”

அவர் பதில் சொல்லவில்லை. பையின் அடியில் அவருடைய கைகள் இருந்தன, என்னுடைய கைகளும் இருந்தன. பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். சொல்லும் வரைக்கும் விடக் கூடாது என்பது விதி. நான் விடவில்லை. அவர் அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்துக்கொண்டே நின்றார். நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாத நேரம் அது ஒன்றுதான்.

“பிடித்தாயிற்று” என்றார்.

விட்டேன்.

ஜூலையில் அந்த வியாபாரிக்கு எப்படியோ உண்மை தெரிந்துவிட்டது. உங்கள் ஊழியர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று சபைத் தலைவருக்கு முறைப்பாடு எழுதினார். சபை முன் என்னை அழைத்தார்கள். ஐந்து பேர், ஒரு தண்ணீர்க் கூசா.

“அது இந்தியன் என்று சொன்னீர்களா?”

“சொன்னேன். அந்த அம்மாவின் ஆட்களை நீங்கள் அப்படித்தான் அழைக்கிறீர்கள்.”

“கிர்க்கி என்று?”

“உங்கள் பட்டியலில் உள்ளதைச் சொன்னேன்.”

கப்டன் எழுந்து, தன் ஏப்ரல் மாதக் குறிப்பின் பிரதியை மேசையில் வைத்தார். “நாங்கள் திருத்தச் சொன்னோம். நீங்கள் வேண்டாம் என்றீர்கள்” என்றார். அந்தப் பிரதியை யாரும் கையால் தொடவில்லை.

வேலை போகவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கை. அந்த இலையுதிர்காலத்தில் எனக்கு வரவேண்டிய முதுநிலைக் களஞ்சியப் பதவி தியாகுவுக்குப் போயிற்று. அவன் வேண்டாம் என்றுதான் நின்றான். “இரண்டு பிள்ளையளை வைச்சுக்கொண்டு விசர்க்கதை கதையாதை” என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன்.

“அப்ப அந்தக் காசிலை கிழமைக்கொரு தேத்தண்ணி நான் வாங்கித் தருவன் அண்ணை.”

“சீனி போடாமல்.”

கடைசி வரைக்கும் வாங்கித் தந்தான். அதை நான் கழிக்கவில்லை, அது வேறு கணக்கு.

பரமேஸிடம் எல்லாவற்றையும் சொன்னபோது ஒன்றுதான் கேட்டாள்: “அப்ப இனி ஆரும் உங்களை இந்தியன் எண்டால் திருத்துவியளோ?” திருத்துவேன் என்றேன். இன்றைக்கும் திருத்துகிறேன். அன்று ஓம் என்றது எனக்காக இல்லை.

1991 ஒக்டோபரில் இருந்து 1997 டிசம்பரில் நான் ஓய்வு பெறும்வரை 325 கிழமைகள். இரண்டு பதவிக்கும் இடையில் சம்பள வித்தியாசம் கிழமைக்கு ஆறு பவுண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. ஏலக் கடைக்குப் போய்வந்த பஸ் காசையும் சேர்த்தால், அந்த ஒரு ‘ஓம்’ என் கணக்கில் 1,951 பவுண் 40 பென்ஸ்.